அறுபது, எழுபது, எண்பதுகளின் ராக், பாப் பாடல்களில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் பழைய நினைவுதானா?

பாதி நினைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டு மற்ற வயதில் கேட்டதைவிட ஆழமாக ஒட்டிக்கொள்ளும் என்று உளவியல்காரர்கள் சொல்வது என் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. போதாக்குறைக்கு, அந்தக் காலத்திலும் குப்பைப் பாட்டுகள் வண்டி வண்டியாக வந்தன. அதெல்லாம் மறந்துபோய், தேறியது மட்டும்தான் இன்று நம் காதில் விழுகிறது. ஆகவே "அந்தக் காலம் போல வருமா" என்று பேச்சை ஆரம்பிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

மீதிப் பாதிக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பதிவுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓர் அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து வாசித்தது காதுக்குத் தெரிகிறது. மூச்சு வாங்கினாலும், குரல் பிசிறினாலும், அதுவும் பாட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாட்டைப் பதிவு செய்தார்கள். குழுவின் பாடகர் ஜான் லெனனுக்கு அன்று சரியான சளி. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' கத்திப் பாட வேண்டிய பாட்டு. அதை முன்னாலேயே பாடினால் மற்றதற்குக் குரல் மிஞ்சாது என்று கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். இன்று நாம் கேட்பது முதல் டேக். இரண்டாவது முறை முயன்றபோது அவருக்குக் குரலே எழும்பவில்லை. எத்தனையோ பேர் அதைப் பாடியிருக்கிறார்கள், அந்தக் கரகரப்பு யாருக்கும் வரவில்லை. எப்படி வரும்? அது பயிற்சியில் வந்ததல்ல, உண்மையாகவே தொண்டை போன ஒருவரின் குரல்.

இதைவிட எனக்குப் பிடித்தது ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்', 1969-இல் வந்தது. கர்ப்பிணியாக இருந்த பாடகி மெர்ரி கிளேட்டனை நள்ளிரவில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பாடவைத்தார்கள். பாட்டில் மூன்று நிமிடத்தை ஒட்டி அவர் உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைகிறது. உடனே பின்னாலிருந்து ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் தன்னை மறந்து ஒரு கூச்சல் போடுகிறார். அதுவும் மைக்கில் விழுந்திருக்கிறது. எந்த விமர்சகரும் அந்த இடத்தை அதைவிட நன்றாகப் பாராட்டிவிட முடியாது.

இப்படித் தேடிக் கேட்க ஆரம்பித்தால் விடவே முடியாது. 'தி போலீஸ்' என்ற ராக் குழுவின் 'ரொக்சான்' தொடங்கும்போது ஒரு பியானோ கோணலாக ஒலிக்கிறது, யாரோ சிரிக்கிறார்கள். அந்தக் குழுவின் பாடகர் ஸ்டிங் தெரியாமல் பியானோ கட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். லெட் செப்லினின் 'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ' முழுக்க ஜான் பான்ஹமின் டிரம் பெடல் கீச்சிடுகிறது. எண்ணெய் போடவில்லை போலும். 1967-இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தில் உள்ள 'எ டே இன் தி லைஃப்' பாட்டின் கடைசியில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த ஒரு கார்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) நாற்பது விநாடி நீள்கிறது. ஒலி தேயத் தேய, என்ஜினியர் ஜெஃப் எமெரிக் ஒலி அளவை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் மைக் அந்த அறையையே கேட்க ஆரம்பித்துவிட்டது. நல்ல ஹெட்ஃபோனில் கவனித்தால் ஒரு நாற்காலி கிறீச்சிடுவது தெரியும்.

அப்போது இதையெல்லாம் ஏன் விட்டுவைத்தார்கள்? ரசனை ஒரு காரணம், வேறு வழியில்லாதது இன்னொரு காரணம். அந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் நாலு டிராக் டேப்பில், அதாவது நாலு ஒலிகளை மட்டும் தனித்தனியாகப் பிடிக்கக்கூடிய டேப்பில் பதிவானது. இடம் போதாவிட்டால் நாலையும் கலந்து இன்னொரு டேப்பில் ஏற்ற வேண்டும். கலந்தபின் பிரிக்க முடியாது. இன்று ஒவ்வொரு டிரம் அடியையும் திரையில் இழுத்துச் சரியான இடத்தில் வைத்துவிடலாம், சுருதியையும் அப்படியே. 1998-இல் ஷேரின் 'பிலீவ்' வந்தபோது சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருள் ஒரு வேடிக்கையான அலங்காரமாகத்தான் தெரிந்தது. அப்புறம் சத்தமில்லாமல் எல்லாக் குரலுக்கும் இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாங்கி டாங்க் விமன்' தொடங்கும் வேகம் ஒன்று, முடியும் வேகம் வேறு. கேட்கும்போது நமக்கும் அதோடு சேர்ந்து சூடு ஏறுகிறது. இன்றைய ஸ்டூடியோவில் முதல் வேலையாக அந்த வேகத்தைச் சமப்படுத்தியிருப்பார்கள், பாட்டும் படுத்திருக்கும்.

எண்பதுகளில் சிந்தசைசரும் டிரம் மெஷினும் வந்து உயிரை எடுத்துவிட்டன என்று ராக் ரசிகர்கள் சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரின்ஸ் 1984-இல் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில் டிரம் மெஷின்தான் வைத்தார். பாட்டுக்கு அடித்தளம் தரும் கனத்த ஒலியுள்ள பேஸ் கிட்டாரைப் பதிவு செய்துவிட்டு, கடைசி நேரத்தில் அதைத் தூக்கிவிட்டார். பேஸ் இல்லாத நடனப் பாட்டு! அந்த வெற்றிடம்தான் பாட்டின் பதற்றமே. ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில், மூன்றரை நிமிடத்துக்கு மேல் காக்கவைத்துவிட்டு இடிபோல் இறங்கும் அந்த டிரம் ஒலியும் ஒரு விபத்துதான். பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டூடியோவில் உள்ளவர்கள் பேசுவதைக் கேட்க மட்டும் வைத்திருந்த மைக் திறந்திருந்தது. அதில் ஒலியை அழுத்திப் பிழியும் கம்ப்ரெஸர் இருந்ததால் டிரம் ஒலி பூதாகரமாக வந்தது. என்ஜினியர் ஹியூ பாட்ஜம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பத்தாண்டு முழுக்க எல்லோரும் அதையே நகலெடுத்துச் சலிப்படையவைத்தார்கள் என்பது வேறு கதை.

சரி, என் சொந்த நினைவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த கேசட்டுகளில் பெரும்பாலானவை நகலின் நகல். அதில் ஒன்றில் ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. கடைசியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, பிறகு இரண்டு கிட்டாரும் சேர்ந்து இறங்கிவரும் இடத்தில் டேப் தீர்ந்து, பட்டன் டப்பென்று மேலே எழும்பிவிடும். அந்தப் பாட்டு எப்படித்தான் முடிகிறது என்று பல வருஷம் எனக்குத் தெரியாது. கடைசியில் முழுப் பாட்டும் கைக்கு வந்து, ஆறரை நிமிடமும் ஆவலாகக் கேட்டால், அதற்கு முடிவே வைக்கவில்லை! அதே கிட்டார் சுற்றிச் சுற்றி வர, ஒலி குறைந்து காணாமல் போகிறது. இன்றும் அந்த இடம் வந்தால் என் காது டப் என்ற சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. இது சுத்தமான பழைய நினைவு. உங்களுக்கு இதில் கிடைக்க ஒன்றுமில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறீர்கள் என்றால் 'கிம்மி ஷெல்டர்' முதலில், அடுத்து 'வென் டவ்ஸ் க்ரை'. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பம் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதை அவசரப்பட்டுத் தொட வேண்டாம். ஒரு பாட்டு அடுத்ததற்குள் கலந்துபோகும், நடுவில் ஒன்றை மட்டும் எடுத்துக் கேட்டால் பாதி சுவைதான். முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடாத ஒரு நாளாகப் பார்த்து முதலிலிருந்து போடுங்கள்.