"எல்லாம் ஏஎல்லில் படித்ததுதானே?" – உயிரியல் முதலாம் வருடம்

கேள்வி: ஏஎல்லில் (உயர்தரத்தில்) உயிரியலைத் தமிழ் மொழிமூலம் படித்தேன். மெடிசின் கிடைக்கவில்லை, கொழும்பில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. முதலாம் வருடப் பாடங்களைப் பார்த்தால் கலம், மரபியல், தாவர விலங்குப் பல்வகைமை, சூழலியல் என்று எல்லாம் ஏற்கெனவே படித்தவைதான். முதல் வருடத்தை லேசாக எடுக்கலாம் என்று சீனியர் அக்கா ஒருவர் சொல்கிறார். எனக்குப் பயம் இங்கிலீஷில்தான். கம்பஸ் தொடங்கும் வரை ஏதாவது வகுப்புக்குப் போகவா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, அக்கா சொன்னதில் பாதி சரி. தலைப்புகள் அதேதான். ஆட்கள் வழுக்கி விழுவதும் அதனால்தான். முதல் கிழமையே திரையில் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் படத்தைக் கண்டதும் "இது தெரியும்" என்று பேனையை மூடிவைக்கிற பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன்.

ஏஎல்லில் நீங்கள் எழுதியது புள்ளித்திட்டத்துக்கு. உரிய சொல் விடையில் இருந்தால் புள்ளி. கம்பஸில் அதே விஷயத்தைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அது எப்படித் தெரியும்?" டீஎன்ஏ இரட்டிக்கும்போது ஒவ்வொரு புதிய மூலக்கூறிலும் ஒரு பழைய இழை இருக்கும் என்று எழுதிப் புள்ளி எடுத்திருப்பீர்கள். 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் பாரமான நைதரசனில் பற்றீரியாவை வளர்த்து அதைக் காட்டினார்கள். முதல் தலைமுறையின் முடிவு மட்டும் கையில் இருந்திருந்தால் இரட்டிப்பு நடக்கும் விதம் பற்றிய எந்தக் கருதுகோளை விலக்கியிருக்க முடியாது? இப்படிக் கேட்டால் மனப்பாடம் உதவாது.

செய்முறையிலும் இதே கதைதான். றியோச் செடி இலையின் மேற்றோலை உரித்து, வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் போட்டு, பாதிக் கலங்கள் முதலுருச்சுருக்கம் (நீர் வெளியேறி உள்ளடக்கம் கலச்சுவரை விட்டுச் சுருங்குவது) அடைந்த கரைசலைத் தேடியிருப்பீர்கள். நான் கேட்பது: எத்தனை கலங்களை எண்ணினீர்கள்? பக்கத்து மேசைக்காரர் எண்ணினால் அதே விடை வருமா? அரைகுறையாகச் சுருங்கிய கலத்தை எந்தப் பக்கம் சேர்த்தீர்கள்? இடை (சராசரி), நியம விலகல் (எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு), வரைபு எல்லாம் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. கணக்கு வேண்டாம் என்று பயோ எடுத்த பிள்ளைகளுக்கு இந்த இடம் கொஞ்சம் கசக்கும்.

பல்வகைமைதான் எல்லோரும் தூங்குகிற பாடம். பெயர்ப் பட்டியல் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சல்வீனியாவின் கதையைச் சொல்வேன். நீரில் மிதக்கும் இந்தப் பன்னம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1939இல் இலங்கைக்கு வந்தது எதன் வழியாகத் தெரியுமா? கொழும்பிலே, அப்போதைய பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக. நம்முடைய துறைதான்! அங்கிருந்து வெளியே போய் வயலையும் கால்வாயையும் மூடியது.

அதன் கலத்தில் மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் 45. ஒன்பது ஒன்பதாக ஐந்து தொகுதிகள். ஒற்றைப்படைத் தொகுதிகள், வித்திகளை உண்டாக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவில் ஒழுங்காகச் சோடி சேர முடியாது. அதனால் அதன் வித்திகள் மலடு. பிறகு எப்படி இவ்வளவு பரவியது? உடைந்த ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. உலகம் முழுவதும் பரவியது கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல்கள்தான்.

இதில் பெயர் எங்கே வருகிறது என்றால், நீண்ட காலமாக இதை வேறொரு சல்வீனியா இனம் என்றே நினைத்திருந்தார்கள். அந்த மற்ற இனத்தைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1972இல்தான் இது தனி இனம் என்று பெயரிடப்பட்டது. 1978இல் அதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அதைத் தின்ற மூக்குவண்டை 1980இல் அவுஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் விட்டபோது சல்வீனியா சரிந்தது. அந்த வண்டும் முன்பு விட்டதிலிருந்து வேறான இனம் என்று பிறகு தெரியவந்தது. அதே வண்டு இலங்கைக்கும் வந்து பல இடங்களில் பலன் தந்தது. செடியின் பெயர் பிழையாகப் போனதால் எத்தனை வருடம் வீணாகியது என்று பாருங்கள். ஒடுக்கற்பிரிவு, இலிங்கமில் இனப்பெருக்கம், வகைப்பாடு, சூழலியல் எல்லாம் இந்த ஒரு செடியிலேயே இருக்கின்றன.

இங்கிலீஷ் பயம் நியாயமானது. ஆனால் வசனத்தை விட, கலைச்சொல்தான் முதல் மாதங்களில் ஆளைக் கவிழ்க்கும். தமிழில் சாதாரணக் கலப்பிரிவான இழையுருப்பிரிவையும் ஒடுக்கற்பிரிவையும் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் மைற்றோசிஸ், மியோசிஸ் என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்து நிற்கும். ஒரு கொப்பியில் கோடு போட்டு, இடப்பக்கம் உங்கள் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதுங்கள். ஏஎல் நோட்ஸில் ஒவ்வோர் அலகாக எடுத்துச் செய்தால் இரண்டு மாதம் போதும். கூடவே ஒன்று: யூடியூபில் கிடைக்கும் தமிழ் விளக்கங்கள் பல தமிழ்நாட்டுச் சொற்களில் இருக்கும். நம்முடைய கலம் அங்கே செல், கூர்ப்பு அங்கே பரிணாமம். குழம்ப வேண்டாம், அதற்கு மூன்றாவது நிரலும் போடலாம்.

வகுப்புக்குப் போக வேண்டாம். முதலாம் வருடத்துக்கென்று ஒருவர் நோட்ஸ் தந்தால் திரும்பவும் மனப்பாடத்துக்குத்தான் போவீர்கள். அந்தக் காசுக்கு பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று வாங்குங்கள், எக்செல்லில் இடையும் நியம விலகலும் கணிக்கப் பழகுங்கள். முதல் வருடத்தை லேசாகவும் எடுக்காதீர்கள். நான்கு வருடக் கௌரவப் பட்டத்துக்கு, நாங்கள் இன்னும் 'ஸ்பெஷல்' என்றே சொல்வோம், ஆள் எடுக்கும்போது முன்னைய வருடங்களின் ஜீபீஏ (தரப்புள்ளிச் சராசரி) குறுக்கே நிற்கும்.

கொழும்பு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஒரு சனிக்கிழமை பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தியசறு பூங்காவுக்கோ போய் வாருங்கள். ஈரநில ஓரத்தில் சல்வீனியா கண்ணில் பட்டால் இலையின் மேற்பக்கத்தை வில்லையால் பாருங்கள். முட்டை அடிக்கும் கம்பி மாதிரி நுனி மூடிய மயிர்கள் தெரியும், தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவது அவற்றால்தான். படம் வரைந்து, என்ன பார்த்தீர்கள் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள். செடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு துண்டு கானுக்குள் விழுந்தாலே போதும், எங்கள் துறை 1939இல் செய்த வேலையை நீங்களும் செய்துவிடுவீர்கள்.