யூபிஐ வந்தப்புறம் எங்க மளிகை கடையில என்ன மாறிச்சு?

டிஜிட்டல் தொழில்நுட்பம் சின்ன வியாபாரத்தை நிஜமாவே மாத்திருக்கான்னு கேட்டிருக்கீங்க. மாத்திருக்கு. மதுரை செல்லூர்ல அப்பா மளிகை கடை வச்சிருக்காரு, சாயங்காலம் நானும் நிப்பேன், அதை வச்சே சொல்றேன்.

யூபிஐ 2016லயே வந்துடுச்சு, ஆனா நாங்க கியூஆர் அட்டை ஒட்டினது கொரோனாவுக்கு அப்புறம்தான். அப்பாவுக்கு பிடிக்கவே இல்ல. ராத்திரி கல்லாவை கவுத்து எண்ணி ரப்பர் பேண்ட் போட்டாதான் அவருக்கு அன்னைக்கு வியாபாரம் நடந்த மாதிரி. அதுக்கு நடுவுல ஒரு நாள் கூட்ட நேரத்துல ஒருத்தர் 640 ரூபாய்க்கு எண்ணெய் அரிசின்னு வாங்கிட்டு ஃபோன்ல பச்சை டிக்கை காட்டிட்டு போய்ட்டாரு, ராத்திரி பாத்தா காசே ஏறல, போலி ஆப். அதுக்கப்புறம்தான் காசு ஏறினா சத்தமா சொல்ற சவுண்ட் பாக்ஸை மாச வாடகைக்கு வாங்கினோம். இப்போ அப்பா பருப்பை நிறுத்துக்கிட்டே காதை மட்டும் குடுக்கறாரு, சத்தம் வந்தாதான் பையை நீட்டுவாரு.

ஆனா நான் பெரிய மாற்றம்னு சொல்றது இது இல்ல, கடன். தீபாவளி சரக்கு எடுக்க வருஷா வருஷம் தண்டல்தான் வாங்குவோம், கையில 8,500 குடுப்பாங்க, தினம் 100 ரூபாய்னு 100 நாள் கட்டணும். எந்த பேங்க்கும் எங்களை உள்ள விட்டதில்ல, காட்டறதுக்கு பேப்பர் இல்லையே. ரெண்டு வருஷம் யூபிஐ வரவு அக்கவுண்ட்ல விழுந்ததும் அதே ஸ்டேட்மெண்டை பாத்து ஒரு பேங்க்ல கடன் குடுத்தாங்க. அன்னைக்கு அப்பா முகத்தை நீங்க பாத்திருக்கணும். முப்பது வருஷமா ஓடின கடை, அன்னைக்குதான் ஒரு ஆபீசர் அதை கடையா மதிச்சாரு.

பயமும் இருக்கு. 2025 ஜூலையில கர்நாடகாவுல யூபிஐ வரவை வச்சு சின்ன கடைக்காரங்களுக்கு வணிக வரித்துறை வரி கேட்டு நோட்டீஸ் அனுப்பிச்சு, வரியே இல்லாத பால், காய்கறி வித்தவங்களுக்கும் போச்சு, பெங்களூர்ல நிறைய பேர் கியூஆரை கழட்டிட்டு கேஷ் மட்டும்னு எழுதி வச்சாங்க. பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு வேணும்ங்கறதே பாதி கடைக்காரங்களுக்கு தெரியாது, யாரும் பொறுமையா உக்காந்து சொல்லித் தரலை. அந்த நியூஸ் பாத்துட்டு அப்பாவும் கழட்டிடலாமாடான்னு கேட்டாரு. வேணாம்பா, மறுபடி தண்டல்காரர்கிட்டதான் போய் நிக்கணும்னு சொல்லிட்டு, கீழமாசி வீதியில சரக்கு எடுக்கற பில்லை எல்லாம் தேதி வாரியா ஃபைல் போட ஆரம்பிச்சிருக்கேன்.