கைதட்டினார்கள், பிள்ளைகளை அனுப்பவில்லை

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில், ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிப் போன வருடம் பேசினேன். 'தேனாய் இனிக்கும் தீந்தமிழே, தென்றலாய்த் தவழும் தெள்ளமுதே' என்று அடுக்குமொழியில் ஆரம்பித்தேன். பலத்த கைதட்டல். வந்ததோ இரண்டே பிள்ளைகள். இந்த வருடம் அலங்காரமே இல்லாமல் பேசிவிடட்டுமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அலங்காரத்தை விடவேண்டாம் சகோதரி. கைதட்டல் வாங்கித் தந்ததே அதுதான். ஆனால் அந்த முதல் வரியை மறுபடி பாருங்கள். தேன், தீந்தமிழ், தென்றல், தெள்ளமுது என்று மோனை வரிசைகட்டி நிற்கிறது, வகுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. தமிழைப் புகழ்ந்தீர்கள், தமிழுக்குக் கைதட்டினார்கள். கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

தேர்தல் கூட்டத்துக்கு இரவு நேரங்கழித்து வந்த அண்ணா பேசியதாக ஒன்று சொல்வார்களே: 'மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை, போடுங்கள் முத்திரை.' வாய்வழியாக வருவதால் சொற்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். முதல் மூன்றும் கூட்டத்தில் இருப்பவர் அந்த நிமிடம் அனுபவிப்பவை: வெயில் மாதம், நேரம், தூக்கம். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வருபவர் காது அடுத்த 'த்திரை'க்குக் காத்திருக்கும்போது ஓட்டு வந்து விழுகிறது. கேட்கவேண்டியதை எதுகையிலேயே கேட்டாயிற்று.

நீங்களும் அப்படிச் செய்யலாம். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும், முதலெழுத்து எல்லாம் குறிலாகவோ எல்லாம் நெடிலாகவோ இருக்கவேண்டும். நான் முயன்றது இது:

'போனிலே பாட்டி, பேரனோ வாயைப் பூட்டி, தருகிறான் போனை அம்மாவிடம் நீட்டி, ஞாயிறு பத்துக்கு வாருங்கள் அவனைக் கூட்டி!'

பெரிய கவிதை இல்லைதான். ஆனால் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கும் பிள்ளை, ஊரிலிருக்கும் பாட்டியிடம் பேசத் திணறுவதை உங்கள் குடியிருப்பில் பார்க்காதவர் இருக்கமாட்டார். 'தெள்ளமுது' பாதிப் பேருக்குப் புரியாது, இது எல்லாருக்கும் சுருக்கென்று தைக்கும்.

சரி, அடுக்கு அதோடு போதும். அடுத்த வரி சாதாரணப் பேச்சு: எந்த ஹால், யாரிடம் பெயர் கொடுப்பது. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஒரு கல்யாணத்தில் நான் வாழ்த்துரையை நீட்டி முழக்க, பாதிக் கூட்டம் பந்திக்கு எழுந்துபோனது. மாப்பிள்ளையே இலைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

அப்புறம், பெயர் எழுதும் நோட்டைச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கும் மேசையிலேயே வையுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள், காணாமல் போய்விடும்.