ஆறு சில்லு ரிப்பருக்கு எந்த லைசன்ஸ்?

கேள்வி: எனக்கு 27 வயது, இருப்பது யாழ்ப்பாணம் சுன்னாகத்தில். 2019இல் பி வகுப்பு லைசன்ஸ் எடுத்தேன். மணல் ஏற்றும் ரிப்பர் (தொட்டியை உயர்த்திக் கொட்டும் லொறி) ஓட்ட ஒரு முதலாளி கூப்பிடுகிறார். கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் அறிமுகமான ஒருவர், காசு கொடுத்தால் ஓட்டிக் காட்டும் ட்ரயலுக்கே வராமல் 'ஃபுல் ஹெவி' போட்டுத் தருவேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பவே வேண்டாம். 'ஃபுல் ஹெவி' என்று ஒரு வகுப்பே கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லிக் காசு கேட்பவர், உங்களுக்கு எந்த வகுப்பு தேவை என்றுகூடப் பார்க்கவில்லை.

லொறியின் மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை என்றால் சி1. அதற்கு மேலே போனால் சி. மொத்த எடை என்பது வெறும் வண்டியின் எடை இல்லை, ஏற்ற அனுமதித்த பாரமும் சேர்ந்தது. டிமோ பட்டா போன்ற சின்ன லொறிக்கு உங்கள் பி போதும். நடுத்தர லொறியான கன்ரருக்கு சி1 வேண்டும், பத்துச் சில்லு ரிப்பருக்கு சி வேண்டும்.

சிக்கல் ஆறு சில்லில்தான். "ஆறு சில்லெண்டால் சி1" என்று எல்லோரும் சொல்வார்கள். டாடா 1613 போன்றவற்றுக்கு அது சரி. பெயரில் முன்னால் நிற்கும் 16, ஏறத்தாழ அதன் மொத்த எடையைத் தொன்னில் சொல்கிறது. ஆனால் பிந்தி வந்த இந்திய மொடல்களில் 18 தொன்னைத் தாண்டிய ஆறு சில்லு வண்டிகளும் இருக்கின்றன. சில்லும் அதே ஆறு, தொட்டியும் அதே தொட்டி, ஆனால் சி1 செல்லாது. ஆகவே சில்லை எண்ணாதீர்கள். முதலாளியிடம் வாகனப் பதிவுப் புத்தகத்தின் போட்டோப் பிரதியைக் கேட்டு வாங்கி, எடை எழுதிய இடத்தைப் பாருங்கள். அதைக் காட்டத் தயங்கும் முதலாளியிடம் வேலைக்குப் போகாதீர்கள். வகுப்பில்லாமல் ஓட்டினால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே வழக்கு வரும். தண்டம் 25,000 ரூபாவில் தொடங்கும். அந்தச் சாரதியை வேலைக்கு வைத்தவரும் குற்றவாளி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் உங்கள் லைசன்ஸைத்தான்.

வகுப்பு தெரிந்த பிறகு, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் யாழ்ப்பாணக் கிளைக்கு அடையாள அட்டையோடு நீங்களே போங்கள். கண்ணாடி போடுபவரானால் அதையும் கொண்டு போங்கள். அங்கே தரும் மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். தரகர்கள் விளையாடுவது இந்த இடத்தில்தான். முதல் நாளே மெடிக்கலை எடுக்க வைப்பார்கள், பிறகு "கோப்பு உள்ளே கிடக்குது" என்று இழுத்தடித்து, காலம் முடிந்ததும் இன்னொரு தடவை காசு கேட்பார்கள். மெடிக்கல் கையில் கிடைத்ததும் தாமதிக்காமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பத்தைக் கொடுங்கள். கவுண்டரில் கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. சீட்டில்லாத காசு லஞ்சம். எந்த வகுப்புக்கு எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம் என்பதை வாசலில் தெளிந்த தமிழில் ஒரு பலகையில் எழுதி வைத்தாலே தரகர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பு இராது. அதைச் செய்ய ஏன் இத்தனை வருடம் என்று விளங்கவில்லை.

பயிலுநர் பத்திரம் கைக்கு வந்ததும், கவுண்டரை விட்டு நகர முன்னர் அதில் எழுதிய வகுப்பை வாசியுங்கள். சி கேட்டவருக்கு சி1 என்று விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவது லேசு. ட்ரயலுக்கு வரும் வண்டியும் அதே வகுப்பாக இருக்க வேண்டும். லேனர்ஸ்காரர் (ஓட்டப் பழக்குபவர்) கன்ரரைக் கொண்டு வந்து "இது காணும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழகும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வையுங்கள். எயார் பிறேக் வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் எடுக்கக்கூடாது. காற்றழுத்த மானி ஏறி, எச்சரிக்கைச் சத்தம் நின்ற பிறகுதான் பார்க்கிங் பிறேக்கை விட வேண்டும். அழுத்தம் குறைந்தால் பின் சில்லுகள் தாமாகவே இறுகிவிடும். மற்றது ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. எங்கள் ஊர் தட்டையான நிலம், பழகுபவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். வாகன நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மதகு ஏற்றத்தில் நிறுத்தி, வண்டி பின்னுக்கு உருளாமல் எடுக்கும்வரை பழகுங்கள்.

அட்டை வந்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித் திகதி இருக்கும். பி எட்டு வருடத்துக்கு, கனரக வகுப்பு நாலு வருடத்துக்கு மட்டும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, காலாவதியான சி1இல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.