அக்காகிட்ட கேளுங்க: சுறுசுறுப்புக்கு எதிர்ச்சொல் ஒண்ணுதானா?

கேள்வி: அக்கா, என் மக நாலாப்பு படிக்கிறா. பரீட்சைல சுறுசுறுப்புக்கு எதிர்ச்சொல் கேட்டுருக்காங்க, இவ அசதின்னு எழுதிருக்கா. அதச் சுழிச்சுட்டு சோம்பல்னு திருத்திக் குடுத்துட்டாங்க. புள்ள அழுதுக்கிட்டு வந்து நிக்கிறா. அசதி தப்பா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: தங்கச்சி, பரீட்சைக்கு சோம்பல்தான் சரி, அதுக்காக ஸ்கூல்ல போயி சண்ட போட வேணாம். ஆனா உன் மக எழுதுனதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அத அவள பக்கத்துல ஒக்கார வச்சு சொல்லு. சோம்பல்னா ஒடம்புல தெம்பு இருக்கு, செய்ய மனசு இல்ல. அசதின்னா மனசு இருக்கு, ஒடம்பு வரல. ரெண்டுலயும் ஆளு பாயிலதான் கெடப்பாரு, பாக்குறவங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா ஒண்ணு குத்தம் சொல்ற வார்த்த, இன்னொண்ணு வலியச் சொல்ற வார்த்த.

நம்ம பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்கு மொட்டுப் பறிக்கப் போற பொம்பளைங்கள நெனச்சுப் பாரு. விடியறதுக்கு முன்னாடியே தலைல லைட்டக் கட்டிக்கிட்டு எறங்கிருவாங்க, ஏன்னா வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பணும், மொட்டு விரிஞ்சா வெல போயிரும். அதுக்கப்பறம் வீட்டு வேலையும் பாத்துட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு திண்ணைல சாஞ்சா, தெருவுல போறவன் பட்டப்பகல்ல என்ன தூக்கம்னு கேட்டுட்டுப் போறான். அந்தக் கேள்விதான் எனக்கு ஆத்திரமா வருது. அது அசதி, அதுக்குப் பேரு சோம்பல் இல்லவே இல்ல.

ஔவையாரு ஆத்திசூடில சோம்பித் திரியேல்னுதான் சொன்னாங்க. திரியேல்ங்கிறத கவனிச்சியா, ஊரச் சுத்தித் திரியணும்னா கால்ல தெம்பு வேணும்ல, அந்தத் தெம்ப வச்சுக்கிட்டு வேல செய்யாம சுத்துறவனத்தான் அவங்க கண்டிக்கிறாங்கன்னு நான் எடுத்துக்கிறேன். வள்ளுவர் சோம்பலுக்கு மடின்னு சொல்றாரு, 60வது அதிகாரம் ஊக்கமுடைமை, அதுக்கு அடுத்த 61வது மடியின்மை, எதிரும் புதிருமா பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்காரு. அதுல 605வது குறள உன் மகளுக்கு படிச்சுக் காட்டு:

நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்

நெடுநீர்னா ஒரு வேலைய நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறது, மறவி மறதி, மடி சோம்பல், துயில் தூக்கம், இந்த நாலும் கெட்டுப்போறவங்க ஆசப்பட்டு ஏறுற படகு மாதிரின்னு சொல்றாரு. நாலையும் ஒரே மூட்டையா கட்டல பாரு, தனித்தனியா பேரு சொல்லித்தான் எண்ணுறாரு.

பேச்சுல நம்மகிட்ட இன்னும் எம்புட்டோ இருக்கு. வேல நகராம கெடந்தா சுணக்கம், கயிறு தளந்தா தொய்வு, அதே தொய்வ போராட்டத்துக்கும் சொல்லுவோம். செய்ய வேண்டிய பொறுப்புல இருக்குறவங்க அக்கற இல்லாம இருந்தா மெத்தனம், அத கூலி வேல பாக்குறவர சொல்ல மாட்டோம், அதிகாரிகளத்தான் சொல்லுவோம். பசியிலயும் வெயில்லயும் கண்ணு சொருகுனா கெறக்கம், கத்திரி வெயில்ல டவுன்ஹால் ரோட்டுல நடந்து பாத்தவங்களுக்கு அது என்னன்னு தெரியும். மொகத்துல தெரிஞ்சா வாட்டம். துக்கத்துல ஆளு தொவண்டு போவாரு, தண்ணி இல்லாத செடியும் தொவண்டு போகும். வெள்ளக்கழிச்சல் வந்த கோழி எறகத் தொங்கப் போட்டுட்டு ஒரு மூலைல நிக்கும் பாரு, அதனாலதான் சீக்குக் கோழி மாதிரி இருக்கான்னு சொல்றது, அதுலயும் ஒரு நோவுதான் இருக்கு.

மந்தம்ங்கிறது தனிக்கத. வியாபாரம் மந்தம், வயிறு மந்தம், ரெண்டும் கெட்டது. அதே மந்தம் காத்துல சேந்தா மந்தமாருதம், மெல்ல வீசுற காத்து, அது சொகம். சனி கிரகத்துக்கு மந்தன்னு ஒரு பேரு, சூரியன ஒரு தடவ சுத்தி வர சுமாரா இருபத்தொம்பதரை வருஷம் எடுத்துக்கிது, வெறுங்கண்ணுல பாத்தே அது மெதுவா நகருதுன்னு கண்டுபிடிச்சு பேரு வச்சிருக்காங்க.

எனக்குப் புடிச்ச எதிர்ச்சொல் எதுன்னா மசமசதான். சுறுசுறு ஒரு இரட்டைக்கிளவி, மசமசவும் இரட்டைக்கிளவி, ரெண்டையும் பிரிச்சா அர்த்தம் இல்ல. மசமசன்னு நிக்காத வெரசா வான்னு எங்க அம்மா காலைல கூப்புடுற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

கேள்வி: கொழந்த பொறந்து எட்டு மாசம் ஆகுதுக்கா. எந்திரிக்கும்போதே அசதி, நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. மாமியார் சோம்பேறிங்கிறாங்க. எனக்கே அப்படித்தானோன்னு தோணுது. (வாசகி, மேலூர்)

பதில்: மேல இருக்குற பதில உன் மாமியாருக்கும் படிச்சுக் காட்டும்மா. மூச்சு வாங்குதுன்னா மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணு, இந்த வாரமே. கர்ப்பமா இல்லாத பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனா ரத்தசோகை. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்துச்சு. பாதிக்கு மேல! அம்புட்டு பேரும் சோம்பேறியா என்ன? பிரசவத்துக்கு அப்பறம் தைராய்டும் மாறலாம், அதையும் சேத்துப் பாக்கச் சொல்லு. ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து மாத்திர இலவசமாவே கெடைக்கும், டாக்டர் சொன்னா சாப்புடு, மாத்திரையோட டீ காப்பி குடிக்காத, சத்து ஒடம்புல ஏறாது. நெல்லிக்கா, எலுமிச்ச சேத்துக்கிட்டா நல்லா ஏறும். காரணமே இல்லாம அழுக வருது, கொழந்தையத் தூக்கக்கூட பிடிக்கலன்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லு, அதுக்கும் வைத்தியம் இருக்கு. டெஸ்டுக்கு போறப்ப மாமியாரையும் கூட்டிட்டுப் போ, ரிசல்ட்ட டாக்டர் வாயால கேக்கட்டும்.

கேள்வி: தூங்குமூஞ்சி மரத்துக்கு ஏன் அந்தப் பேரு? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: சாயங்காலம் ஆனா எலையெல்லாம் மடிஞ்சு தொங்கிரும், வானம் மூடி மழ வரப்போறப்பவும் மடிச்சுக்கிரும், அதான். எலைக்காம்போட அடில இருக்குற சின்ன வீக்கத்துல தண்ணி ஏறி எறங்குறதாலதான் அது நடக்குது. மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்கா பக்கத்து மரம், இங்க வந்து ரோட்டோரத்துல கொடை மாதிரி விரிஞ்சு நிக்கிது, காய ஆடு மாடு விரும்பித் திங்கும். காலைல வெளிச்சம் வந்ததும் எலை தானா விரிஞ்சுக்கிரும்.