சுடுகாட்டு மல்லியும் கொலாஜன் பவுடரும்

ஐயா, வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. சர்க்கரை குறையும் என்று பக்கத்துத் தெரு அக்கா சொன்னதால், ஒரு மாதமாகக் காலையில் நித்தியகல்யாணி (சுடுகாட்டு மல்லி) இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். வேண்டாம் என்றால், "நீ ஆயிரக்கணக்கில் குடுத்து கொலாஜன் பவுடரைக் கரைச்சுக் குடிக்கலையா? புற்றுநோய்க்கே இந்த இலையிலேர்ந்துதான் மருந்து எடுக்கிறாங்களாம்" என்கிறார். நீங்கள் புரோட்டியேஸ், பெப்டைடு என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்தவர் என்பதால் கேட்கிறேன். அவர் சொல்வது சரியா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

அம்மா உங்களை நன்றாக மடக்கிவிட்டார். பவுடர் விஷயத்தில் நான் அவர் கட்சி.

புரோட்டியேஸ் என்றால் புரதத்தை அறுக்கும் நொதி. கறி வேகவில்லை என்றால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அந்தக் காயின் பாலில் இருக்கும் பப்பைன் அப்படி ஒன்று. காசிமேட்டில் ஐஸ் போடாமல் விட்ட மத்தி சீக்கிரம் வயிறு உடைந்துபோவதும் இவற்றின் வேலைதான். குடலில் இருக்கும் நொதிகள், மீன் செத்த பிறகு அந்த மீனையே செரிக்க ஆரம்பித்துவிடும். என் ஆய்வு தொடங்கியதே அந்தக் குடலில்தான். விடியற்காலை ஏலம் முடிந்ததும் மீன் வெட்டும் பெண்களிடம் குடலை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். இரண்டு முறை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். அந்த நாற்றத்துக்கு அது நியாயம்தான்.

உங்கள் இரைப்பையில் பெப்சின், சிறுகுடலில் டிரிப்சின். கொலாஜன் பெப்டைடு என்பது, புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. உள்ளே போனதும் துண்டு துண்டாகிவிடும். இரண்டு மூன்று கண்ணி உள்ள துணுக்குகள் கொஞ்சம் ரத்தத்தில் சேர்வது உண்மை. அவை நேரே கன்னத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. 51 அமினோ அமிலங்கள் உள்ள இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இந்த நொதிகளுக்குப் பயந்துதான்.

அம்மாவின் பிரஷர் மாத்திரை எது என்று எழுதவில்லை. எனலாப்ரில் போல 'பிரில்' என்று முடிந்தால் அதற்கு ஒரு கதை உண்டு. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தில் செர்ஜியோ ஃபெரெய்ரா 1965இல் சில பெப்டைடுகளைக் கண்டார். பிறகு அவற்றில் ஒன்று, 9 அமினோ அமிலங்கள் கொண்டது, நம் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதில் பங்குள்ள ஒரு புரோட்டியேஸை மடக்கி அழுத்தத்தை இறக்கியது. ஆனால் ஊசியாகத்தான் போட முடிந்தது. குஷ்மனும் ஒண்டெட்டியும் அந்தச் சங்கிலியின் வால் முனையை மாதிரியாக வைத்து, வயிற்றில் அறுபடாத சின்ன மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். அதுதான் காப்டோப்ரில்; 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில் அதன் தம்பி. மாத்திரை பாம்பிலிருந்து வந்தது என்பதற்காக யாரும் பிரஷருக்குப் பாம்பிடம் கையை நீட்டுவதில்லை, இல்லையா?

இலைக்கு வருவோம். அதில் இருப்பவை செடி தானே செய்துகொள்ளும் அல்கலாய்டு என்ற ரசாயனங்கள், நூற்றுக்கும் மேல். அவை புரதம் இல்லை; பெப்சினுக்கும் டிரிப்சினுக்கும் அங்கே அறுக்க எதுவும் கிடையாது. பவுடருக்கு வயிற்றில் இருக்கும் காவல் இந்த இலைக்கு இல்லை.

அம்மாவின் அதே ஆசையோடுதான் 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தச் செடியை எடுத்தார்கள். ஜமைக்காவில் சர்க்கரைக்கு இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாக ஏற்றியபோது வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. அந்தச் சாவைத் துருவிப் போய்த்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதன் கூடப்பிறந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரப்படுகிறது. செல் பிரிவதையே நிறுத்தும் மருந்து அது. மில்லிகிராம் கணக்கில், ரத்தப் பரிசோதனை பார்த்து ஏற்றுவார்கள். அளவு மீறினால் நரம்பைக் கெடுக்கும். அம்மாவின் ஒரு கைப்பிடி இலையில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதிலுள்ள அஜ்மலிசின் ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியது. பிரஷர் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்?

இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். இது அரளிக் குடும்பம் என்று மட்டும் சொல்லுங்கள், டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். (அரளியின் விஷம் வேறு வகை. அதை இப்போது சொல்லித் தொலைக்காதீர்கள்.)

கஷாயத்தை நிறுத்தட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம். அப்புறம், இந்த வாரமே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ அழைத்துப் போங்கள். ஒரு மாதம் குடித்ததை மறைக்காமல் சொல்லி, சர்க்கரையோடு வெள்ளை அணு எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் மரத்துப்போகிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.