ஆட்டோ எஞ்சின் வேலை: பழைய வால்வையே மாட்டலாமா?

கேள்வி: கொடுங்கையூரில் சொந்தமாக எல்பிஜி ஆட்டோ ஓட்டுகிறேன். பேசின் பிரிட்ஜ் பாலம் ஏறும்போது புல்லிங் இல்லை. மெக்கானிக் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிவிட்டு, "வால்வு ரெண்டும் நல்லாத்தான் இருக்குண்ணே, கார்பன் எடுத்து லேப்பிங் பண்ணி மாட்டிடலாம்" என்கிறார். லேப்பிங் என்றால் பேஸ்ட் தடவித் தேய்த்து, வால்வைச் சீட்டில் (அது உட்காரும் வளையத்தில்) படியவைப்பதாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வால்வு, கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்), சீல் (ஆயில் இறங்காமல் தடுப்பது) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: வால்வைக் கழுவி அளந்து பார்க்காமல் இருவரில் யாருமே அதைச் சொல்ல முடியாது. கூடவே நின்று பாருங்கள்.

கழுவும் முன்பே, கேஸை உள்ளே விடும் இன்டேக் வால்வின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். ஆயில் பிசுக்கோடு கரி திரண்டிருந்தால் சீலோ கைடோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, கரி இளகியதும் வயர் பிரஷால் எடுக்கட்டும். தண்டில் மட்டும் எமரி பேப்பர் படவே கூடாது. கைடுக்குள் மயிரிழை இடைவெளியில் ஓடுகிற தண்டு அது. தேய்த்தால் இடைவெளி கூடி, ஆயில் உள்ளே இறங்கும்.

சுத்தமான வால்வைக் கண்ணாடிமேல் வைத்துத் தண்டை உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். தண்டை மேல், நடு, கீழ் என மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் லாக் உட்காரும் பள்ளம், வால்வைத் திறக்கும் ராக்கர் தட்டும் நுனி இரண்டையும் பாருங்கள். சீட்டில் உட்காரும் சாய்வில் சின்னப் புள்ளிகள் என்றால் லேப்பிங்கிலேயே போய்விடும். ஓரம் கருகி அரித்திருந்தாலோ, விளிம்பு கத்திபோல மெலிந்திருந்தாலோ லேப்பிங் உதவாது. பொதுவாக விளிம்பின் தடிமன் 0.8 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றிவிடுவார்கள்; உங்கள் எஞ்சினுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு விஷயத்தில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் புதிது போடுங்கள் என்பேன். கேஸ் வண்டியில் வால்வும் சீட்டும் சீக்கிரம் தேய்கின்றன. வால்வின் தலை உடைந்து எஞ்சினுக்குள் விழுந்தால் பிஸ்டனும் போகும், பல நாள் வருமானமும் போகும். இன்டேக் அளவில் சரியாக இருந்தால் அதையே மாட்டலாம். சீல் மலிவுதான், பழையதை மறுபடி போடவே வேண்டாம்.

லேப்பிங் பேஸ்ட் துளிகூட மிஞ்சாமல் கழுவியதும், ஸ்பிரிங் மாட்டி, ஹெட்டில் கேஸும் புகையும் போய்வரும் வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். வால்வு ஓரத்தில் கசிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

வால்வு வாங்கும்போது பிரிக்காத பாக்கெட்டில் பார்ட் நம்பர், எம்ஆர்பி பார்த்து பில்லோடு வாங்குங்கள். லேத் வேலைக்கும் பில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சவாரி ஓட்டிச் சம்பாதிப்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். உதவி எண் 1915.

வண்டி கொஞ்சம் ஓடியதும், எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் உள்ளது) பார்க்கச் சொல்லுங்கள். சரியாக வைத்த பிறகும் அது அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால், வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. ஹெட்டை மறுபடி திறக்கத்தான் வேண்டும்.